இடும்பனுக்குச் சான்றிதழ்

வா மருமகனே, உட்காரு. துருப்பிடிச்ச தகரப் பொம்மைக் காரு ஒண்ணைக் கைப்பேசியிலேயே பேரம் பேசி 300 வெள்ளிக்கு வாங்கிட்டியாமே? அசல்னு சான்றிதழ் வேற வருதாம். கெட்டிக்காரன்யா நீ. அந்த மாதிரிக் காரு நான் சின்னப் பையனா இருந்தப்போ சீனர் கடை வாசல்ல திக்காம் அட்டையில தொங்கும். காசைக் குடுத்து ஒரு சீட்டைக் கிழிப்போம். காரு ஒருநாளும் விழாது. புளிப்பு மிட்டாய்தான் விழும். மாமன் தோத்ததை மருமகன் வட்டியோட மீட்டிருக்கே. சந்தோஷம்.

ஆனா சேகரிப்புன்னு என்கிட்டே பெருமை பேசாதே. எங்க லயத்துல ஒவ்வொருத்தன் கால்சட்டைப் பையும் ஒரு பொக்கிஷசாலை. சரக்கு என்ன? கித்தா கொட்டை, அதான் ரப்பர் மரத்துக் கொட்டை.

பிப்ரவரி, மார்ச்சுல இலை கொட்டித் துளிர்த்த பால்மரம், ஐந்தாறு மாசம் கழிச்சு வெயில் ஏறினதும் காயை வெடிக்க வைக்கும். ‘படார்’னு ஒரு சத்தம். காய்க்குள்ள மூணு கொட்டை; மூணும் மூணு திக்குல பறக்கும். சத்தம் வந்த பக்கம் ஓடிச் சருகைத் துழாவணும். சருகும் பழுப்பு, கொட்டையும் பழுப்பு. எவனுக்குக் காது கூர்மையோ அவன்தான் பணக்காரன். கையில எடுத்தா வழவழன்னு, மை தெறிச்ச மாதிரி புள்ளியும் கோடுமா இருக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

சிமெண்டுத் தரையில பரபரன்னு தேச்சுப் பக்கத்துல இருக்கிறவன் தொடையில வச்சா, அவன் ‘ஆத்தா’ன்னு அலறுறது கிராணி வீடு வரைக்கும் கேக்கும். கம்பியால பருப்பை நோண்டி எடுத்து (விஷம்டா, வாயில வைக்காதே!), மூணு ஓட்டை போட்டு, மூங்கில் குச்சியும் நூலும் கோத்து இழுத்தா, விர்ருன்னு காத்தாடி சுத்தும். பெரிய பந்தயம் ஒண்ணு இருக்கு. ஒரு கொட்டை மேல இன்னொண்ணை வச்சுப் புறங்கையால ஒரே போடு. உடையாம நிக்கிறவன் வீரன்.

நாங்க மட்டுமா பொறுக்கினோம்? ஹென்றி விக்காம்னு ஒரு வெள்ளைக்காரர், 1876-ல பிரேசில்லேர்ந்து சுமார் 70,000 கொட்டையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனாரு. முளைச்சது மூவாயிரம்கூட இல்லே. மறுவருஷம் 22 கன்னு சிங்கப்பூர் வந்து, அதுல 9 நம்ம கோலா கங்சாருக்கு வந்துச்சு. ரெசிடெண்ட் ஹியூ லோ வீட்டுத் தோட்டத்துல நட்டாங்க. அந்தக் காலத்து மரம் ஒண்ணு இன்னும் மாவட்ட அலுவலகம் பக்கத்துல நிக்குது. பழம்பொருள், பழம்பொருள்னு அலையுறியே, உன் பாட்டனைக் கப்பலேத்திக் கொண்டாந்த பழம்பொருள் அதுதான்யா. தினமும் அதைத் தாண்டித்தானே மோட்டார்ல பறக்குறே? ஒருநாள் நிமிர்ந்து பார்த்தியா?

என் வீரன் பேரு இடும்பன். வருஷம் முழுக்கத் தோக்காத கொட்டைன்னு லயமே பேசுச்சு. இப்போ சொல்றேன், உன் அத்தைக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு சண்டையிலயும் மயிரிழை அளவு விரிசல் விழும். ராத்திரியே அதைத் தூக்கி வீசிட்டுக் காலையில புதுக் கொட்டையோட நிப்பேன். பேரு மட்டும் பழசு. அதனாலதான் உன் சான்றிதழைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது.

தோட்டம் பாதி செம்பனையா மாறிப்போச்சு. செம்பனை வெடிக்காது. ஆனாலும் அங்கங்கே சிறுதோட்டத்துல பால்மரம் இருக்கு. ஆகஸ்டுல உன் மகனைக் கூட்டிக்கிட்டு வா. கைப்பேசியை வண்டியிலேயே விட்டுட்டு மரத்தடியில சும்மா உட்காருங்க. ‘படார்’னு கேட்டதும் அவனை ஓட விடு, நீ பின்னால போ. கிடைக்கிற கொட்டை அவனுக்கு, கொசுக்கடி உனக்கு.

அவ்வளவு பொறுமை இல்லேன்னாலும் பரவாயில்லே. இடும்பன் இன்னும் என்கிட்டதான் இருக்கான். 300 வெள்ளி. சான்றிதழ் நானே என் கையால எழுதித் தர்றேன்.