நாவல் பக்கம் மட்டும் போயிராத மாப்ள

புத்தகத் திருவிழாவுல நீ வாங்கியாந்ததையெல்லாம் பாத்தேன் மாப்ள. காசு சேக்கறதுக்கு ஒண்ணு, விடியக்காலம் எந்திரிக்கறதுக்கு ஒண்ணு, கோவத்தை அடக்கறதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் டிவிக்குப் பக்கத்துல அழகா அடுக்கி வெச்சிருக்கிற. ஒண்ணுகூடப் பிரிக்கலை. ரொம்ப நல்ல காரியம், அப்படியே இருக்கட்டும். தெரியாத்தனமா ஒரு நாவலை மட்டும் தொட்டுறாத. கெட்டுப் போயிருவ.

கெட்டுப்போன கதை நம்ம சீமையிலயே இருக்குது. சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜி, 1925-ல திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சாரு. சனம் கள்ளுக்கடைக்குப் போகக் கூடாதுன்னு ‘விமோசனம்’னு பத்திரிகையே நடத்துனாரு. அதுக்கு ஒத்தாசையா எழுத வந்தவரு கிருஷ்ணமூர்த்தின்னு ஒருத்தரு. குடியை விடு, குடியை விடுன்னு கை வலிக்க எழுதுனாரு. 1937-ல ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கை மொதமொதல்ல கொண்டாந்ததும் நம்ம சேலம் ஜில்லாவுலதான். நாமக்கல்லும் அப்ப அதுக்குள்ளதான் இருந்துச்சு.

அதெல்லாம் சரி. அந்தக் கிருஷ்ணமூர்த்தி பொறகு என்ன பண்ணுனாரு தெரியுமா? கல்கிங்கற பேருல 1950-ல ‘பொன்னியின் செல்வ’னை ஆரம்பிச்சு, 1954 வரைக்கும் வாராவாரம் ஊத்துனாரு. கள்ளுக் குடிச்சவனுக்கு விடிஞ்சாத் தெளிஞ்சிரும். இதைக் குடிச்சவனுக்கு அடுத்த வாரம் வரைக்கும் தெளியலை. அடுத்த வாரம் மறுபடியும் ஊத்துவாரு.

நம்பலைன்னா உங்கம்மாளைக் கேளு. பத்திரிகையில வந்ததைக் கிழிச்சுத் தெச்ச பைண்டு புஸ்தகம் ஒண்ணு எங்க வீட்டுக்கு இரவலா வந்துச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணம் ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வர்றான். எங்கக்கா அந்தக் குதிரைக்குப் பின்னாடியே போயிட்டா. அடுப்புல சோறு தீஞ்ச வாசம் கட்டுத்தரையில கெடந்த எருமைக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியலை. இன்னிக்கு மருமகளைச் சமையல்ல கொறை சொல்றாளே, அப்ப ஒருக்கா இதை ஞாபகப்படுத்து. நான் சொன்னேன்னு சொல்லாத.

உனக்கு எங்க நேரம்? முட்டை வெலை பாக்கணும், தீவன வெலை பாக்கணும், எவனோ எங்கியோ ஆடற ஆட்டத்தைப் பாக்கணும். உன் பண்ணைக் கோழிக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டிட்டு லைட்டை அணைச்சர்ற. அந்தக் கோழிக்குக் கெடைக்கிற இருட்டுக்கூட உனக்குக் கெடைக்கலை. சாமத்துலயும் மூஞ்சி மேல போன் வெளிச்சம். கோழியாவது முட்டை போடுது.

“ரெண்டு பக்கம் தாண்டலை மாமா, மனசு நிக்க மாட்டேங்குது”ங்கற. மனசை ஏண்டா குத்தம் சொல்ற? நீ எடுத்த புஸ்தகம் அந்த லட்சணம். சம்பாதிக்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்கிற புஸ்தகத்தை, நாளெல்லாம் சம்பாதிச்சுக் களைச்சு வந்தவன் படிச்சாத் தூக்கம் வராம என்ன வரும்? புடிக்கலைன்னாத் தூக்கிப் போடு. யாரும் உன்னைப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலை. இதை நான் சொல்லலை, 2016 ஜூலையில சென்னை ஹைகோர்ட்டே சொல்லியாச்சு.

அது நம்ம பெருமாள்முருகன் வழக்குல. நாமக்கல் அரசுக் கல்லூரியில வாத்தியாரா இருந்தவரு. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு நம்மூர்ல கெளம்புன ரகளையில, இனி எழுதவே மாட்டேன்னு 2015 ஜனவரியில ஒதுங்கிட்டாரு. ரகளை பண்ணுனதுல எத்தனை பேரு அதைப் படிச்சிருந்தாங்கன்னு என்னைக் கேக்காத. தீர்ப்புக்குப் பொறகு அவரு கொண்டாந்த நாவல் ‘பூனாச்சி’. ஒரு கெழவன், ஒரு கெழவி, ஒரு கருப்பு வெள்ளாட்டுக்குட்டி. அவ்வளவுதான் ஆளுங்க. வெயக்காடும் வறட்சியும் நமக்குத் தெரிஞ்சதுதான். அந்தக் குட்டிக்கு அரசாங்கக் கணக்குல காது குத்தணும்னு கெழவி கூட்டத்துல நிப்பா பாரு, நீ ஆதார் கார்டுக்கு நின்னது ஞாபகம் வரும். சிரிச்சுக்கிட்டேதான் படிப்ப. எந்த எடத்துல சிரிப்பு நின்னுச்சுன்னு உனக்கே தெரியாது.

அதனாலதான் சொல்றேன், வாங்காத. மீறி வாங்குனா, போனைத் தீவன மூட்டைக்கு அடியில போட்டுட்டு உக்காரு. பக்கத்தை எண்ணாத. குறிப்பு எடுக்காத. படிச்சு என்ன கத்துக்கிட்டேன்னு எவனாவது கேட்டா, ஒண்ணுமில்லைன்னு தைரியமாச் சொல்லு.

பாதியில வெச்சுட்டுப் பண்ணைக்குப் போய்த் திரும்பி வர்றப்பப் புஸ்தகத்தைக் காணோம்னா ஊரெல்லாம் தேடாத. உம்பொண்டாட்டி தலகாணிக்கு அடியில இருக்கும். அவ முடிக்கற வரைக்கும் நீ புரோட்டாக் கடையில பாத்துக்க.