11-ம் 11.00-ம் ஒன்றா?

கேள்வி: அண்ணாச்சி, இணையப் பயிற்சித் தேர்வில் 0.50 என்று விடை போட்டேன். தப்பாம். சரியான விடை 0.5 என்று காட்டுகிறது. என் கணக்கு எங்கே பிசகியது?
– பிளஸ் டூ மாணவி, இடைசெவல்

பதில்: கணக்கு பிசகவில்லை தாயி. நீ எண்ணை எழுதினாய், மென்பொருள் எழுத்தைப் பார்த்தது. இரண்டையும் எண்ணாக மாற்றிய பிறகு ஒப்பிடச் சொல்லியிருந்தால் மதிப்பெண் வந்திருக்கும். திரையைப் படமெடுத்து உன் ஆசிரியரிடம் காட்டு. விட்டுவிடாதே.

கேள்வி: இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவார்களா?
– வாசகர், கயத்தாறு

பதில்: போயிருக்கிறார்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு முதன்முறையாக முழுக்கக் கணினியில் நடந்தது 2018-இல். நடத்தியது கான்பூர் ஐ.ஐ.டி. விடையை இரண்டு தசம இடம் வரை எழுதச் சொன்னது வினாத்தாள். பிறகு, 11, 11.0, 11.00 எது எழுதியிருந்தாலும் மதிப்பெண் உண்டு என்றார்கள். சொன்னபடி எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே மார்க்கா என்று ஒரு மாணவி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சொன்னபடி எழுதியவர்களுக்கு முன்னுரிமை தந்து தரவரிசையைத் திருத்தச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை.

என்னைக் கேட்டால், 11-ம் 11.00-ம் ஒரே எண்தான், ஐ.ஐ.டி. போட்ட மதிப்பெண் சரி. ஆனால் அதைப் பரீட்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி பூஜ்யம் போட மெனக்கெட்ட பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கேள்விக்கு 0.1 மதிப்பெண். பத்தும் சரியாக எழுதிய பையனுக்கு நான் எழுதிய புரோகிராம் 1 தர மறுக்கிறதே?
– கணினி ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: கணினி எண்ணுவது இரண்டின் அடிமானத்தில். அதில் 0.1 முடிவில்லாமல் நீளும், நம் முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று நீள்வதுபோல. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்? 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரமுறைப்படி 64 பிட்டில் பத்து 0.1-களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் கிடைப்பது 0.9999999999999999. மதிப்பெண்களைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள் சார், தொல்லை தீரும்.

கேள்வி: விடைகளிலும் இப்படி வருமே. 0.01 முன்பின் இருந்தால் சரி என்று போட்டுவிடலாமா?
– அதே ஆசிரியர்

பதில்: எல்லாக் கேள்விக்கும் போடாதீர்கள். பருத்தி மூட்டையில் பத்து கிராம் குறைந்தால் யாரும் கேட்பதில்லை. கம்மலில் பத்து கிராம் குறைந்தால் கம்மலே இல்லை. விடை 245.6 என்றால் 0.01 சலுகை சரி. விடை 0.004 என்றால் பூஜ்யம் எழுதியவனும் பாஸாகிவிடுவான். விடையின் அளவைப் பார்த்துச் சலுகையை வையுங்கள்.

கேள்வி: மதிப்பெண் பட்டியலில் 100 வாங்கியவன் 98-க்குக் கீழே கிடக்கிறானே?
– வாசகர், கழுகுமலை

பதில்: அகராதி வரிசை! எண்ணை எழுத்தாகப் பார்த்த மென்பொருள், முதல் எழுத்து 9, 1-ஐவிடப் பெரியது என்று முடித்துவிட்டது.

கேள்வி: திரையில் 35.0 என்று காட்டிவிட்டு ஃபெயில் என்கிறதே?
– மாணவர், எட்டயபுரம்

பதில்: உள்ளே 34.97 இருந்திருக்கும், காட்டும்போது முழுமையாக்கியிருக்கும். 1992-இல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் இதுவே நடந்தது. சட்டமன்றத்தில் நுழைய 5 சதவீதம் வேண்டும். பசுமைக் கட்சி வாங்கியது 4.97, அச்சிட்ட தாளில் 5.0. உண்மை தெரிந்ததும் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. எதை வைத்து முடிவெடுக்கிறோமோ அந்த எண்ணையே திரையில் காட்ட வேண்டும்.

கேள்வி: கம்பும் உளுந்தும் போடுகிறவன் நான். மகளுக்காக என்ன செய்ய முடியும்?
– விவசாயி, இடைசெவல்

பதில்: நிறையச் செய்யலாம் அண்ணாச்சி. எத்தனை தசம இடம், எவ்வளவு சலுகை என்று தேர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நீட், ஜே.இ.இ. மெயின் எழுதினால், விடைக்குறிப்பு வெளியானதும் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கச் சில நாட்களே தருவார்கள். அந்த நாட்களை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.