தீபாவளியும் கழிவுநீர் பம்ப்பும்: காலத்தொடர்பு குறித்த ஓர் ஆய்வு

ஆண்டு முழுதும் ஒழுங்காக ஓடும் வீட்டுக் கழிவுநீர் பம்ப், தீபாவளி விடிகாலையில் மட்டும் நின்றுபோவது ஏன்? அறிஞர் உலகம் இவ்வினாவைத் தொட்டதில்லை. பிரான்சின் மூராஸ் 1881இல் தம் கழிவுநீர்த் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் டொனால்ட் கேமரூன் தம் தொட்டிக்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். இருவருமே எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அல்லர் என்பதால் இக்குறையை மன்னிக்கலாம்.

ஆய்வுக் களம் சென்னையின் தென்புறநகர். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. கழிவுநீர் தானாக மேடேறாது, ஆகவே பம்ப். தொட்டியின் முதல் அறையில் கசடு அடியில் தங்கும், எண்ணெய் ஏடாக மிதக்கும், இடையிலுள்ள நீர் பம்ப் குழிக்கு வரும். நீர் ஏறினால் மிதவை நிமிர்ந்து பம்ப்பை ஓட்டும். இறங்கினால் தொங்கி நிறுத்தும். சொல்லாமலே வேலை செய்யும் ஒரே குடும்ப உறுப்பினர் இதுதான்.

பழுதுக்கு விளக்கம் தரும் மரபுகள் பல. எலக்ட்ரீஷியன் மரபு "காயில் போயிடுச்சு சார்" என்ற மகாவாக்கியத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது. ப்ளம்பர் மரபு, குழியை எட்டிப் பார்க்குமுன்பே முன்பு வந்துபோன ப்ளம்பரைக் குறைகூறுவது. ஈசானிய மூலையில் குழி தோண்டியதே காரணம் என்பது தாத்தா மரபு, செலவில்லாதது.

சான்றுகள் வேறு சொல்கின்றன. பம்ப் உறுமுகிறது, நீர் ஏறவில்லை என்றால் கபாசிட்டர் பலவீனம், அல்லது இம்பெல்லரில் நாப்கின். ஓடி நின்றதும் குழாய் நீர் திரும்பி இறங்கினால், நீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு மூடவில்லை. ஏற்றிய நீரையே பம்ப் மறுபடி மறுபடி ஏற்றும். பேச்சுமூச்சே இல்லையா? எம்சிபியைப் பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, தள்ளி நின்று டார்ச் அடியுங்கள். பெரும்பாலும் மிதவையின் கறுப்பு ஒயர் குழாயைச் சுற்றிக்கொண்டு, மேலே மஞ்சள் கொழுப்பு கட்டிக் கிடக்கும். நீளக் கம்பால் விடுவித்தாலே போதும். பம்ப்பைத் தூக்க நைலான் கயிறு இருக்கிறது, ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே மட்டும் யாரும் இறங்கவோ யாரையும் இறக்கவோ கூடாது. இங்கே ஆய்வாளர் விளையாடவில்லை: குழியிலுள்ள விஷவாயு ஆளைக் கொல்லும், பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

தீபாவளிக்கு வருவோம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து குழிக்குள் கசிகிறது. தெருச் சேம்பர் ததும்பி, ஏற்றிய நீரை வாங்க மறுக்கிறது. ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திறங்குகிறது. எல்லார் தலையிலிருந்தும் நல்லெண்ணெயும் சீயக்காயும் இறங்குகின்றன. முறுக்கு சுட்ட சட்டியின் மிச்ச எண்ணெய் சிங்க்கில் கொட்டப்பட்டு மிதவையில் போய் உறைகிறது. இத்தனைக்கும் பிறகு பம்ப் நிற்பதில் வியப்பில்லை. பத்து மணி வரை தாக்குப்பிடித்தால்தான் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

புரட்டாசியிலேயே லாரியை வரவழைத்துக் கசடெடுத்து, மிதவையைக் கழுவி வைத்த வீடுகளும் உண்டு. சொல்வதற்கு ஒரு பழுதும் அவர்களிடம் இல்லாததால், அவர்கள் இவ்வாய்வுக்குப் பயன்படவில்லை.