சான்ட்ரோ வம்சம்: நான்கு விதிகள்

சிறிய கார்களின் பெயரும் உருவும் எப்படி மாறுகின்றன என்று ஆராய விரும்புவோர், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குவதே முறை. 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் சான்ட்ரோ அங்கேதான் தயாரானது. அதன் வம்சத்தை வரிசைப்படுத்தினால் நான்கு விதிகள் கிடைக்கின்றன.

விதி 1: கடல் கடந்தால் பெயர் மாறும். கொரியாவில் 1997-இல் ஆட்டோஸ் என வந்த வண்டி, பிரிட்டனில் பின்னர் அமிகா ஆனது, மெக்சிகோவில் டாட்ஜ் முத்திரையுடன் ஓடியது, இந்தியாவில் சான்ட்ரோ. உயரமான கூரை மட்டும் எங்கும் மாறவில்லை. வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறி உட்காரவும், கைத்தாங்கல் இல்லாமல் இறங்கவும் அந்த உயரம் இடம் கொடுத்தது. சான்ட்ரோவின் உண்மையான அடையாளம் அதுதான்.

விதி 2: மூத்தது கடையில் இருக்கும்வரை இளையதற்கு வேறு பெயர் வேண்டும். 2003-இல் முகமும் முதுகும் மாறியபோது சான்ட்ரோவுடன் ‘ஜிங்’ ஒட்டிக்கொண்டது. 2007-இல் அடுத்த கார் வந்தபோது ஜிங் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே புதியது ஐ10 ஆனது. 2013-இல் ஐ10 விலகவில்லை. வந்தது கிராண்ட் ஐ10. 2019-இல் கிராண்டும் கடையில் இருந்தது, ‘நியாஸ்’ சேர்ந்தது. உள்ளேயும் மாற்றம் உண்டு. ஐ10-இல் டேஷ்போர்டை ஒட்டி மேலே ஏறிய கியர் லீவர், கிராண்டில் மறுபடி கீழே இறங்கியது.

விதி 3: உருவத்தின் எல்லையை வரி வகுக்கும். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 2006 மத்திய பட்ஜெட் கலால் வரியைக் குறைத்தது. முதல் சான்ட்ரோவின் நீளம் 3,495 மி.மீ.; கிராண்ட் ஐ10 3,765; நியாஸ் 3,805. கிராண்டுக்கு டிக்கி வைத்து உருவாக்கிய எக்ஸென்ட் 3,995 மி.மீ.-இல் நின்றுவிட்டது. 1.2 லிட்டர் இன்ஜினின் அளவும் 1,197 சிசி. எல்லைக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பது தற்செயல் அல்ல.

விதி 4: பெயர் திரும்பி வரலாம், கார் திரும்பாது. 2018-இல் சான்ட்ரோ என்ற பெயர் மீண்டும் வந்தது. இன்ஜின் ஜிங்கைப் போலவே 1,086 சிசி. உடலோ முழுக்கப் புதியது. 2022-இல் அதுவும் நின்றது.

ஆக, ஒரு காரின் பெயர் அது எந்த நாட்டில், எந்தக் காருக்குப் பக்கத்தில் விற்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. வண்டியின் உடலைப் பற்றி அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 1998 சான்ட்ரோவின் ஹெட்லைட் ஜிங்குக்குப் பொருந்தாது. ஜிங்கினுடையது 2018 சான்ட்ரோவுக்குப் பொருந்தாது. பழைய கார் வாங்குபவர்களும் உதிரிபாகம் தேடுபவர்களும் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டையும் இன்ஜின் அளவையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.