கை தெரியுதா?

1984-ல் துபாயிலிருந்து வந்த மாமா, சென்ட் பாட்டிலோடு ஒரு கேசட்டும் கொடுத்தார். ஹ்யூமன் லீக் குழுவின் 'டேர்'. அப்போது திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் காம்போ ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். கேசட்டைப் போட்டபோது எங்கள் தபலாக்காரனும் கூட இருந்தான். கிடார் இல்லை, டிரம்ஸுக்கு ஆள் இல்லை, எல்லாம் சிந்தசைசர். 'டோன்ட் யூ வான்ட் மீ' பாட்டில், பெண்ணைத் தான் ஆளாக்கிவிட்டதை ஆண் சொல்லிக்காட்டுவான். பெண் பதறாமல் பதில் சொல்வாள். நான் சொக்கிப்போனேன். தபலாக்காரன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கை தெரியலையேடா" என்றான்.

அது எஃகு ஆலைகளின் ஊரான ஷெஃபீல்டிலிருந்து வந்த இசை. பாடிய ஃபில் ஓக்கி அதற்குமுன் மருத்துவமனை போர்ட்டர். 1981-ல் வந்த அந்த ஆல்பத்தின் தாளம் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின். நிஜ டிரம்ஸை ஒருவர் அடிக்க, அந்தச் சத்தத்தைச் சிப்பில் பதித்து வைத்த பெட்டி அது. கை உள்ளேதான் இருந்தது. ஒரே ஒருமுறை அடித்த கை. இது எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது. இயந்திரத்தைப் பற்றிய பயம் எங்கள் தபலாக்காரனுக்கு மட்டுமல்ல. 1982-லேயே பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தில் லண்டன் கிளையொன்று சிந்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறது.

சில வருடம் கழித்து எங்கள் குழுவுக்கும் ரிதம் மெஷின் வந்தது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்றார்கள். தபலாக்காரன் ஹார்டுவேர் கடை வேலைக்குப் போனான். அன்று நான் வாய் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது என் மகன் லேப்டாப்பிலேயே பாட்டுப் போடுகிறான். 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசர், சூடேறும்வரை சுருதியில் நிற்காது, வாசிக்கிறவர்கள் காத்திருப்பார்கள். அதைப் போலச் செய்த அவன் சாஃப்ட்வேரில் அந்தச் சுருதி விலகலுக்கென்றே ஒரு குமிழ். தாளத்தை மில்லிசெகண்டு கணக்கில் முன்பின் நகர்த்த இன்னொரு பட்டன். ஒரு காலத்தில் குறை என்று ஒதுக்கியதை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

போன தீபாவளிக்கு அந்தத் தபலாக்காரன் வீட்டுக்கு வந்தான். மகன் அவனுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். கண்ணை மூடி, தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டான்.

"தம்பி, அந்த மூணாவது அடியை இன்னும் கொஞ்சம் தள்ளு."

மகன் மவுஸால் தள்ளினான்.

"இன்னும் ஒரு துளி."