நாய்க் கண்காட்சியில் என்ன அவ்வளவு கூட்டம்?

மார்ச் 17 நெருங்கினால் உலகமே பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு அயர்லாந்தின் பேரைச் சொல்லிக் குடிக்கிறது. சிகாகோவில் ஆற்றையே பச்சையாக்கிவிடுகிறார்கள். ஆனால் அயர்லாந்தில் முப்பது வருடங்களுக்கு மேல் அந்த நாளில் பப்கள் பூட்டிக் கிடந்தன. ஊர்வலம் உண்டு, பூசை உண்டு, பீர் கிடையாது. புனித பேட்ரிக் திருநாள், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய மூன்று நாளும் கதவைச் சாத்த வேண்டும் என்றது 1927-ஆம் ஆண்டின் மதுச் சட்டம். டப்ளின்காரர்களுக்கு எஞ்சிய புகலிடம், ராயல் டப்ளின் சொசைட்டி மைதானத்தில் அன்றைக்கு நடக்கும் நாய்க் கண்காட்சி. அங்கிருந்த பாருக்கு விலக்கு உண்டு. அதுவரை தெருநாயைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத பெரிய மனிதர்கள் அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இவர்கள் பாரைக் கண்டதோடு சரி, நாயைக் காணவே இல்லை. 1960-இல் தடை நீங்கியது. நாய்களின் மவுசும் குறைந்தது.

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் பப் பட்டியலுக்காகப் பயணக் கையேடு வாங்குகிறார்கள். அந்த நாட்டின் சட்டப் புத்தகம் அதைவிடச் சுவாரசியமானது. அரசு தடுக்கில் பாய்ந்தால் குடிமக்கள் கோலத்தில் பாய்ந்த கதை அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

உதாரணத்துக்கு, வழிப்போக்கர் விதி. கடை சாத்தும் நேரத்துக்குப் பிறகும், தொலைவிலிருந்து வரும் உண்மையான பயணிக்கு மது தரலாம் என்றது சட்டம். குறைந்தது 3 மைல், டப்ளின்வாசி என்றால் 5 மைல் தாண்டி வந்திருக்க வேண்டும். குதிரை வண்டிக் காலத்துக் கருணை அது. சைக்கிளும் காரும் வந்தபின் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர் அந்த ஊருக்குப் போய்ப் பயணி ஆனார்; அந்த ஊர்க்காரர் இந்த ஊருக்கு வந்து பயணி ஆனார். நடுவழியில் கையசைத்துக்கொண்டார்கள். 1960-இல் இந்த விதியும் ஒழிந்தது.

அதே 1927 சட்டத்தைக் கொண்டுவந்த நீதித் துறை அமைச்சர் கெவின் ஓ'ஹிகின்ஸ், டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை பப்களை மூடவைத்தார். மதியம் உள்ளே போனவர் மாலைவரை அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். ஊர் அதற்குப் 'புனித மணி' என்று பெயர் வைத்தது. முதலாளி நேரம் தவறாமல் கதவைத் தாழிட்டார். வாடிக்கையாளர்கள் உள்ளே இருந்தார்கள். கதவு பூட்டியிருக்கும்போது மனிதர் எப்படி வெளியே போவது? வார நாள்களில் 1988 வரை இந்தச் சிறைவாசம் நீடித்தது.

புனித வெள்ளித் தடைக்கு ஆயுள் கெட்டி, 2018-இல்தான் முடிந்தது. அதுவரை முந்தின நாள் வியாழக்கிழமை, சூப்பர்மார்க்கெட்டுகளில் புயல் எச்சரிக்கை விட்டதுபோல் கூட்டம் மொய்க்கும். விலக்குகளும் இல்லாமல் இல்லை. ரயில் பயணிக்கு உண்டு, கப்பல் பயணிக்கு உண்டு, நாடகம் பார்க்க வந்தவருக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் நாடகக் கலை மீது பக்தி பொங்கியவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம்.

இரவு வாழ்க்கைக்கும் சட்டம் ஓர் அழகான முட்டுக்கட்டை போட்டிருந்தது. பின்னிரவு வரை மது விற்க வேண்டுமானால் சாப்பாடும் போட வேண்டும். எனவே 1980-களில் டப்ளின் லீசன் தெரு நைட் கிளப்களில், வண்ண விளக்குகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கோழிக் குழம்பும் சோறும் வந்தன. பசித்தவர் யாரும் இல்லை, சட்டத்துக்குத்தான் பசி. இது பழங்கதை என்று நினைத்தால், 2020-இல் கொரோனா வந்தது. குறைந்தது 9 யூரோவுக்குக் 'கணிசமான உணவு' பரிமாறும் பப் மட்டும் திறக்கலாம் என்றது அரசு. ஒருவர் 105 நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்றும் முதலில் சொன்னது. வைரஸுக்குப் பொரித்த உருளைக்கிழங்கு ஆகாது போலும்!

எல்லாவற்றையும் மிஞ்சுவது பிண விவகாரம். 1846-ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி, விசாரிக்கப்பட வேண்டிய சடலத்தை அருகிலுள்ள பப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பீப்பாய் வைக்கும் நிலவறை குளிர்ச்சியானது, உடல் கெடாது என்பது கணக்கு. சவமும் பீரும் ஒரே அறையில் காத்திருந்தன. 1962 வரை இந்த ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் இருந்தது. பிணம் எப்படியும் நம் வீட்டுக்குத்தான் வருகிறது, மிச்சத்தையும் நாமே செய்துவிடலாமே என்று யோசித்த பப்காரர்கள் ஈமச்சடங்குத் தொழிலையும் சேர்த்துக்கொண்டார்கள். டிப்பரரி மாவட்டம் ஃபெதார்டில் உள்ள மெக்கார்த்தீஸ் இன்றும் அப்படித்தான்: ஒரே குடும்பம், ஒரே பெயர்ப் பலகை, பார், சாப்பாடு, சவப்பெட்டி. வாழ்நாள் வாடிக்கையாளர் என்பதைவிட ஒரு படி மேல்.

டப்ளினில் இதற்கு உடன்பிறப்பு கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஜான் கவானா. 1833-இல் தொடங்கிய பப். குழிவெட்டிகளின் பப் என்றுதான் ஊருக்குத் தெரியும். குழி தோண்டுகிறவர்கள் மண்வெட்டியால் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கமிருந்து கிளாஸ் வரும் என்று கதை. உள்ளே டி.வி. இல்லை, பாட்டு இல்லை. தேய்ந்த மரப் பலகை, பேச்சுச் சத்தம், அவ்வளவுதான். டப்ளினில் ஒரே ஒரு பப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதை எழுதுபவரின் சிபாரிசு இதுவே.

கிளாஸைக் கையில் வாங்குமுன் கொஞ்சம் பொறுமை வேண்டும். கின்னஸ் பீரைப் பார்மேன் ஒரே மூச்சில் நிரப்ப மாட்டார். கிளாஸை 45 பாகை சாய்த்து முக்கால்வாசி ஊற்றுவார். பிறகு மேடைமேல் வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். புதிதாக வந்தவர் தன்னை மறந்துவிட்டதாக எண்ணிக் கையை நீட்டுவார். நீட்டக் கூடாது. கிளாஸுக்குள் பழுப்பு மேகம் சுருள்கிறது. கண்ணாடியை ஒட்டிய குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குகின்றன. கண்ணைக் கசக்க வேண்டாம், இன்னும் குடிக்கவே இல்லை. மேலே அகன்று கீழே குறுகும் கிளாஸில் திரவம் நடுவில் ஏறி ஓரமாக இறங்குகிறது. குமிழிகளையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. லிமெரிக் பல்கலைக்கழகக் கணித அறிஞர்கள் இதை ஆராய்ந்தே விளக்கினார்கள். கறுப்பும் வெண்மையும் பிரிந்தபின் பார்மேன் திரும்பி வந்து மீதியை நிரப்புவார். நுரை விளிம்புக்குமேல் மெல்லிய மேடாக எழும்பும். மொத்தம் 119.5 விநாடி என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு, 9,000 வருடக் குத்தகை எழுதி ஆலை தொடங்கிய ஆர்தர் கின்னஸின் வாரிசுகளுக்கு இரண்டு நிமிடம் பெரிதா என்ன.

நண்பர்களோடு போனால் 'ரவுண்டு' முறையிலிருந்து தப்ப முடியாது. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். ஐந்து பேர் என்றால் ஐந்து கிளாஸ் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. தன் முறை வரும்போது கழிவறைக்குப் போகிறவரை மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள்.

எது பழைய பப் என்ற சண்டையில் தலையிடாமல் இருப்பது நல்லது. டப்ளினின் பிரேசன் ஹெட் 1198 என்று பலகை மாட்டியிருக்கிறது. அத்லோனில் ஷானன் நதிக்கரையோரம் உள்ள ஷான்ஸ் பார் கி.பி. 900 என்கிறது. அங்கே தரை சரிவாக இருக்கும். வெள்ளம் புகுந்தால் தண்ணீர் தானே நதிக்கு ஓடிப்போகும்படி அமைப்பு, மேலே மரத்தூள். வருடத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், அந்தச் சரிவைப் பற்றி வாதமில்லை. ஒரு கிளாஸுக்குப் பிறகு அது கூடுதலாகவே தெரியும்.

டிங்கிள் என்ற மேற்குக் கடற்கரை ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்றொரு இடம். ஒரு பக்கம் பார், மறுபக்கம் ஹார்டுவேர் கடை. ஆணியும் பெயிண்டும் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், பொய்யும் ஆகாது. அதே ஊர் டிக் மேக்ஸில் ஒரு பக்கம் தோல் சாமான், மறுபக்கம் பார். வாசல் நடைபாதையில் ராபர்ட் மிட்சம், ஜூலியா ராபர்ட்ஸ் பெயர்களோடு நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். டப்ளினின் டெம்பிள் பாருக்குப் போனால் கூட்டமும் விலையும் பார்க்கலாம்; ஒருமுறை பார்த்தால் போதும்.

வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டின் கிரவுன் மதுக்கூடத்துக்கு இப்போது சொந்தக்காரர் நேஷனல் டிரஸ்ட், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அமைப்பு. ஓடு, கண்ணாடி, எரிவாயு விளக்கு என்று விக்டோரியா காலம் அப்படியே இருக்கிறது. கதவு போட்ட குட்டி அறைகளில் மணி அடித்தால் ஆள் வருவார். பொது இடத்தில் குடிப்பதைப் பார்த்துவிடக் கூடாதவர்களுக்காக இத்தகைய அறைகளைப் பழைய பப்களில் கட்டினார்கள்: பெண்கள், பாதிரியார்கள், போலீஸ்காரர்கள். வாசல் தரையில் ஒரு கிரீடம் பதித்திருக்கிறது. அந்தக் கால முதலாளியின் மனைவி பிரிட்டிஷ் விசுவாசி, 'கிரவுன்' என்று பெயர் வைக்கச் சொன்னாராம். தேசியவாதியான கணவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வருகிறவர் எல்லாம் மிதிக்கும்படி அதைக் காலடியில் பதித்தாராம். அப்படி நடந்ததோ இல்லையோ, கல்யாணமானவர்கள் நம்புகிறார்கள்.

இசைக்கு டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன். மேடை இல்லை, மைக் இல்லை. ஜன்னலோர மூலையில் நாலைந்து பேர் பிடில், புல்லாங்குழல், துருத்திக்குழலோடு வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். அந்த மூலையில் காலியாக ஒரு நாற்காலி இருந்தால் அது காலி இல்லை, வரப்போகும் ஒருவருடையது. யாராவது கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தால் கல்லாவில் காசு சத்தம்கூட நின்றுவிடும். 2021-இல் இங்கே ஓட்டல் கட்டத் திட்டம் வந்தபோது இசைக்காரர்கள் சவப்பெட்டி தூக்கித் தெருவில் ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. இந்த நாட்டில் பப்பையும் சவப்பெட்டியையும் பிரிக்கவே முடியாது.

ஆனால் 2005-க்குப் பிறகு ஏறக்குறைய 2,000 பப்கள் மூடிவிட்டன. மலிவு விலை பாட்டில், ஆளில்லாத கிராமம், குடித்து வண்டி ஓட்டினால் பறிபோகும் லைசென்ஸ் என்று காரணங்கள் பல. 2013-இல் கெர்ரி மாவட்ட மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: தனித்துக் கிடக்கும் முதியவர்கள் இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு மெதுவாக வண்டி ஓட்ட போலீஸே அனுமதிச் சீட்டு தரவேண்டும்! ஐந்துக்கு மூன்று என நிறைவேறியது. கொண்டுவந்தவரே ஒரு பப் முதலாளி. டப்ளினில் அமைச்சர் ஏற்கவில்லை.

சாதாரண பப்புக்குத் திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30 வரைதான் அனுமதி. கையிலிருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி. பார்மேன் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா என்று கத்துவார், யாரும் அசைய மாட்டார்கள். சில கிராமங்களில் அதற்குப் பிறகு திரை இழுபடும், தாழ் விழும். உள்ளே இருப்பவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லையாம், முதலாளி வீட்டு விருந்தாளிகளாம். சட்டம் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. போலீஸ்காரர் கதவைத் தட்டினால் சிக்கல்தான், வெளிப்பக்கமிருந்து தட்டினால்.