முகம் பார்த்துப் பிரியும் மூட்டை

ஃபுட் டிரக் தொடங்குகிறவர்கள் முதலில் வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்து இன்ஸ்டாகிராமில் பக்கம் திறக்கிறார்கள். தக்காளி எங்கிருந்து வரும் என்ற யோசனை, அநேகமாகத் திறப்பு விழாவுக்கு முதல் நாள் ராத்திரி உதிக்கிறது.

சென்னை கோயம்பேடு சந்தையில் மொத்த வியாபாரி முகம் பார்த்துத்தான் மூட்டை பிரிப்பார். புதுமுகத்துக்கு மேலே நாலு பளபளப்பான பழம், அடியில் பாதி ரசம். பழைய முகம் என்றால், “தம்பி, இன்னிக்கு இது வேணாம், விடியக்காலம் மதனப்பள்ளி லோடு வருது” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஆகிற முதலீட்டை எந்த வங்கியும் கடனாகத் தராது: சொன்ன தேதிக்குப் பாக்கி, அவர் மகள் கல்யாணத்துக்கு மொய், அவருடைய மூட்டுவலிக் கதைக்குத் தினமும் காது. (கதை நீளம். ஆனால் 2020-இல் கொரோனாவால் சந்தை திருமழிசைக்குப் போனபோது, புதுக்கடை எங்கே என்று சொல்லப் போன் வந்தது, இந்தக் காதுகளுக்குத்தான்.)

கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவென்று தினம் ஒரு கடை மாறும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. கேஸ்காரரையும் அப்படியே மாற்றுவார்கள். சனிக்கிழமை ராத்திரி, வரிசை நீண்டு நிற்கையில் 19 கிலோ கேஸ் சிலிண்டர் தீரும். அவர்கள் போனில் எண்கள் ஏராளம், எடுக்கத்தான் ஆளில்லை.